ஆயாக் கொட்டகையும் அஞ்சடியும்: தோட்டத்துக் குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள்

மலேசியத் தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் எல்லாருமே 1816-இல் தொடங்குவார்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு. அங்கிருந்து ஒரே தாவலில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்: ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும். பிறகு ரசாக் அறிக்கை 1956, ரஹ்மான் தாலிப் அறிக்கை 1960, கல்விச் சட்டம் 1996. தேர்வுக்கு இவ்வளவு போதும்தான். ஆனால் கவனிச்சுப் பாருங்க, இந்த வரலாற்றில் பிள்ளை ஏழு வயதில்தான் பிறக்கிறது.

அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது? யார் மடியில் உட்கார்ந்து பேசக் கற்றது? பள்ளி வாசலுக்கு வரும்போதே அதன் வாயில் சில ஆயிரம் தமிழ்ச் சொற்கள் இருந்தனவே, அவற்றை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அறிக்கைகளில் பதில் கிடைக்காது. தோட்டத்துக் குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள் எந்தக் காலத்திலும் 'கல்வி' என்ற தலைப்பின் கீழ் வரவே இல்லை. பெண்களின் வேலை நேரத்தோடும் குழந்தையின் உடல்நலத்தோடும் சேர்த்தே அவற்றை எண்ணினார்கள். கல்வி என்று யாரும் எண்ணாததால், அது அழிந்தபோதும் கல்வி ஒன்று அழிகிறது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் இடம். யானில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நெல்வயலும் கடலும், இன்னொரு பக்கம் குனோங் ஜெராய். மலையைத் தெற்காகச் சுற்றிக்கொண்டு போனால் செமெலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி. ஒரு காலத்தில் கித்தா மரங்களே நிறைந்த பகுதி. 1909-இல் பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் தென் கெடாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்கில் இறங்கி வந்தவர்கள் அவர்கள். கெடா கூட்டரசு மலாய் மாநிலங்கள் நான்கில் ஒன்றல்ல, தனி அரசு. என்றாலும் லயத்து வாழ்க்கை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடக்கத்தில் வந்தவர்களில் ஆண்களே மிகுதி. பெண்களும் குடும்பங்களுமாக வரத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்தில் குழந்தை என்ற பிரச்சினை எழுந்தது. 'பிரச்சினை' என்ற சொல் நிர்வாகத்தின் பார்வையில் சொன்னது. பெண்ணும் பால்மரம் வெட்டினாள். 1920-களின் இறுதியில் முக்கியமான சில வட்டாரங்களில் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு வீட்டுக்கும் வேண்டும், அவள் வெட்டும் பால் தோட்டத்துக்கும் வேண்டும். விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டிய தாய் கைக்குழந்தையை என்ன செய்வாள்? அதற்குக் கிடைத்த விடைதான் ஆயாக் கொட்டகை.

கொட்டகையைப் பற்றி நம் முந்தைய தலைமுறை எல்லாருக்கும் ஒரே சித்திரம்தான் மனசில் இருக்கும். லயத்துக்கு அருகே ஒரு பலகைக் கட்டடம். நீளவாக்கில் ஒரு கம்பு, அதில் வரிசையாகப் பழைய சேலைத் தூளிகள். வெட்டுக்குப் போக முடியாத வயதான ஒரு பெண்மணி, அவரை எல்லாரும் 'ஆயா' என்றே கூப்பிடுவார்கள். தவழ்வது, நடப்பது, விழுவது, அழுவது என்று பத்து இருபது உருப்படிகள் அவர் பொறுப்பில். இடைவேளையில் தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஆயாவுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பாடத்திட்டமும் கிடையாது. கையில் விளையாட்டுப் பொருள் என்று பார்த்தால் சிரட்டை, காலியான பால் டின், ஒரு கிலுகிலுப்பை.

ஆனால் அவரிடம் பாட்டு இருந்தது. கை இருந்தது. என்னைக் கேட்டால் அது பெரிய பாடத்திட்டம்.

ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பருப்புக் கடைகிற விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். குழந்தையின் உள்ளங்கையை விரித்துவைத்து, பாட்டி தன் முழங்கையை அதில் ஊன்றி மத்து மாதிரிக் கடைவார். பிறகு சோறு போடுவார், நெய் ஊற்றுவார், எல்லாம் பாவனைதான். அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கி, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது மாமாவுக்கு என்று பங்கு வைப்பார். கடைசியில் இரண்டு விரல்கள் நண்டு மாதிரிக் கையில் ஊர்ந்து ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும். குழந்தை சிரித்து முடித்ததும் மறுபடி கையை நீட்டும்.

இப்போது இலக்கண வகுப்புக் கண்ணோடு பாருங்கள். கடை, போடு, ஊற்று, மடக்கு: நான்கு வினைகள், ஒவ்வொன்றையும் சொல்லும்போதே உடம்பில் செய்துகாட்டல். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாமாவுக்கு, அத்தைக்கு: நான்காம் வேற்றுமை உருபு 'கு', ஐந்து முறை, ஐந்து வேறு பெயர்களில், ஒரே தாளத்தில். படிவம் ஒன்றில் நாம் அட்டவணை போட்டு நடத்துகிற கொடைப்பொருளை, ஒன்றரை வயதுக் குழந்தை தன் விரல்களில் கற்றுக்கொண்டது. ஐந்து என்ற எண்ணும் கூடவே வந்தது. இதே மாதிரி கண்ணாமூச்சியில் 'எங்கே' என்ற வினாவும் 'இதோ' என்ற சுட்டும். நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதில் விளியும் ஏவலும். யானை ஏறுவதிலும் உப்பு மூட்டை தூக்குவதிலும் மேலே, கீழே, இறங்கு, பிடிச்சுக்கோ.

எஸ்.பி.எம். எழுதப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வேற்றுமையை நினைவில் வைக்கக் கஷ்டப்படுகிறவர்கள் பாட்டி நிலாவைக் கூப்பிட்ட விதத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

உறவுப்பெயர் விஷயத்தில் ஒரு வரலாற்று நுட்பம் இருக்கிறது. தாலாட்டிலும் கைவிளையாட்டிலும் அடிக்கடி வருகிறவர் தாய்மாமன். மாமன் அடித்தானா, மாமன் என்ன சீர் கொண்டு வருவான் என்பதெல்லாம் தாலாட்டின் வழக்கமான பொருள்கள். ஆனால் 1930-களின் தோட்டத்தில் பல குழந்தைகளின் மாமன் கடலுக்கு அப்பால், சேலத்திலோ திருச்சியிலோ இருந்தார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்திய பிறகு அவர் வரும் வாய்ப்பும் குறைந்தது. பார்த்தே இராத ஒருவருக்குத் தினமும் ஒரு விரல் சோறு! மாமா, சித்தப்பா, பெரியம்மா, அத்தை என்று உறவுகளைத் துல்லியமாகப் பிரிக்கும் சொற்கள் இந்த மண்ணில் தங்கியதற்கு அந்த விரல்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாலை நேரத்து வகுப்பறை வேறு. அது லயத்து அஞ்சடி. தாய் வேலையை முடித்து, குளித்து, சமைக்கும் நேரம். அக்கா இடுப்பில் தம்பி. ஏழெட்டு வயது அக்காதான் பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது ஆயா. அவள் பள்ளியில் காலையில் படித்த பாட்டை மாலையில் தம்பிக்குப் பாடினாள். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் எழுதிய அச்சுப் பாடல்கள் இப்படித்தான் பள்ளிக்குப் போகாத குழந்தையின் காதுக்கும் போயின. அந்த அஞ்சடியில்தான் பால் டின்னில் கயிறு கட்டி இழுக்கும் வண்டி ஓடியது. கித்தா விதையைச் சிரட்டையில் போட்டு ஆட்டிச் சத்தம் கேட்டார்கள். (இன்று யாராவது இதைச் செய்துகாட்ட நினைத்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கித்தா விதை பச்சையாக உள்ளே போனால் நஞ்சு, தொண்டையிலும் அடைக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.)

பூச்சாண்டியை விட்டுவிட்டால் பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். மழலைக்கென்றே தனிச் சொற்கள் உண்டல்லவா: மம்மு, பாச்சி, சோச்சி, தாச்சி. இவை வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். சேலத்துக் குடும்பமும் தஞ்சாவூர்க் குடும்பமும் ஒரே கொட்டகையில் குழந்தையை விட்டபோது, சொற்களும் கலந்தன. பக்கத்துக் கம்பத்து மலாய்ச் சொல்லும் நடுவில் புகுந்தது. பாலுக்குப் 'பாச்சி'யும் 'சூசூ'வும் ஒரே வாயில் வந்தன. மொழியியல் படிக்கிறவர்களுக்கு இது நல்ல ஆய்வுப் பொருள். மாவட்ட வழக்குகள் கரைந்து 'தோட்டத்துத் தமிழ்' என்று ஒன்று உருவான இடங்களில் ஆயாக் கொட்டகைக்கு முதல் வரிசை கொடுக்கலாம்.

இதையெல்லாம் 'படிக்காத சனங்கள் ஏதோ விளையாட்டுக் காட்டினார்கள்' என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளுகிறவர்களுக்கு நம் இலக்கியமே பதில் வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்கிறோம்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் கடைசி மூன்று மாறும், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அவை அம்மானை, நீராடல், ஊசல். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையிலான காலத்துக்கு இதைப் பாட்டியல் நூல்கள் வகுக்கின்றன. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. தேர்வில் பெயர்களை எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அவை என்ன? செங்கீரையில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் இரு கையையும் சேர்த்துத் தட்டுகிறது. வாரானையில் தளர்நடை போட்டு வருகிறது. அம்புலியில் தொலைவிலுள்ள ஒன்றைச் சுட்டிக் கூப்பிடுவதைக் கேட்கிறது. சிறுபறையில் கருவியைக் கையாள்கிறது. இன்றைய மருத்துவமனைக் குழந்தைநலப் புத்தகத்தில் மாதவாரியாகப் போட்டிருக்கும் வளர்ச்சிப் படிகளும் ஏறக்குறைய இவையே. முதல் இரண்டு ஆண்டுகளை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து ஒரு சிற்றிலக்கிய வகையாகவே ஆக்கியிருக்கிறோம். பால் டின்னைத் தட்டிய தோட்டத்துக் குழந்தை சிறுபறைப் பருவத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

சிறுதேர் இன்னும் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பாட்டிலும் விளையாட்டுத் தேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்து தந்த தேரை உருட்டி ஓய்ந்த சிறுவர் செவிலியிடம் பால் குடிக்கிறார்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரைப் பிள்ளைகள் உருட்டுகிறார்கள். அந்தப் பட்டினப்பாலையில்தான் துறைமுகத்துக்கு வந்த பொருள்களில் 'காழகத்து' விளைபொருளும் சொல்லப்படுகிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் நம் கெடா. ஒரே பாட்டில் நம் ஊர்ப்பெயரும் நடைவண்டியும்! வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருகிறான்.

மேல்நாட்டிலும் இப்படி மடிவிளையாட்டைக் கல்வியாகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஃப்ரோபெல், 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுபிள்ளைகளுக்கான நிலையம் தொடங்கியவர். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். நம்முடைய பாலர் பள்ளிக்கெல்லாம் அவர்தான் மூலவர் என்று டிப்ளோமா பாடத்தில் படித்திருப்போம். அவர் 1844-இல் வெளியிட்ட தாய்மார் பாடல் நூலைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. சாதாரணத் தாய்மார் குழந்தையின் கைகால்களோடு விளையாடுவதைக் கூர்ந்து கவனித்து, அந்த மாதிரி விரல் விளையாட்டுகளையும் பாட்டுகளையும் படத்தோடும் விளக்கத்தோடும் தொகுத்தார். கல்வி எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்குத் தாயின் மடியைக் காட்டினார். நம்மிடம் விளையாட்டு இருந்தது, அதைத் தொகுத்து எழுதுகிற ஃப்ரோபெல்தான் அன்றைய தோட்டத்தில் இல்லை. பிற்காலத்தில் முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தோட்டப்புற நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தது பெரிய தொண்டு. ஆனால் பாட்டைச் சேகரிப்பது ஒன்று, பாட்டோடு சேர்ந்த கையசைவைச் சேகரிப்பது வேறொன்று. இரண்டாவது வேலை இன்னும் நிறையவே கிடக்கிறது.

இது எப்படி அறுந்தது? ஜப்பானியர் காலம் முதல் அடி. 1942-43-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் போனார்கள், அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் பாட்டியும் குழந்தையும் லயத்தில் இருந்தார்கள். பாட்டு அறுபடவில்லை. பெரிய அறுப்பு அமைதிக் காலத்தில்தான் வந்தது. 1950-களில் தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நடந்ததை உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலையும் வீடும் ஒருசேரப் போனவர்கள் அதில் ஏராளம். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அதன் பிறகு நிலமே வீடமைப்புக்குப் போனது. தோட்டத்துப் பள்ளியையாவது இடம் மாற்றக் கேட்டுப் போராடினோம். கோயிலுக்கும் கேட்டோம். ஆயாக் கொட்டகைக்கு மாற்றிடம் வேண்டும் என்று யாரும் மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த குடும்பத்தில் அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில். 1970-களில் பாயான் லெப்பாஸ், 1990-களில் கூலிம் ஹைடெக் பார்க். ஷிப்ட் முறை. பாட்டி வேறு ஊரில். குழந்தை பராமரிப்பாளர் வீட்டிலோ தாஸ்காவிலோ. சட்டத்தைப் பாருங்கள்: 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றியது, பதிவு சமூகநலத் துறையிடம். 1996 கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது, ஆனால் நான்கு வயது முதல்தான். அன்றைக்குக் கைக்குழந்தை தொழிலாளர் துறையின் கணக்கில். இன்றைக்குச் சமூகநலத் துறையின் கணக்கில். இரண்டு காலத்திலும் அந்த மூன்று வயது கல்வியின் வேலிக்கு வெளியேதான்.

அதனால் ஏற்படும் நஷ்டம் தமிழுக்குத்தான் அதிகம். மலாய் தாஸ்காவில் இருக்கிறது, ஆங்கிலம் கைப்பேசியில் இருக்கிறது. மூன்று வயதுக்கு முன் தமிழ் கிடைக்க வீட்டை விட்டால் வேறிடம் இல்லை. முதலாம் ஆண்டு நடத்தும் நண்பர்கள் சொல்கிறார்கள்: "பிள்ளைக்கு எழுத்து தெரியுது சார், ஆனா அத்தைக்கும் சித்திக்கும் வித்தியாசம் தெரியல." எழுத்தைப் பாலர் பள்ளி கொடுத்துவிடுகிறது. அத்தையையும் சித்தியையும் கொடுத்தது விரல்கள்.

கொட்டகையை மறுபடி கட்டச் சொல்லவில்லை. அதைப் பொன்னுலகமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு கிழவியிடம் இருபது குழந்தைகள், ஈயும் காய்ச்சலும் அழுகையுமாக அது பல சமயம் மோசமான இடமாகவே இருந்திருக்கும். தாய் 40 காசுக்காகக் குழந்தையைப் பிரிந்து போன இடம் அது. ஆனால் அங்கே புழங்கிய விளையாட்டுக்குச் செலவும் இல்லை, கொட்டகையும் வேண்டாம். சோறூட்டும் பத்து நிமிடம், குளிப்பாட்டும் பத்து நிமிடம் போதும். கைப்பேசியை அலமாரியில் வைத்தால் சரி. கொண்டைக்கடலையைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றுவது, துணியை மடிக்கக் கொடுப்பது என்று இன்று இணையத்தில் 'செயல்பாடு' என்று போடுவதையெல்லாம் (கடலை விஷயத்தில் பக்கத்திலேயே உட்காருங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்) அந்தப் பாட்டிகள் பெயர் வைக்காமலே செய்தார்கள். கூடவே பேசிக்கொண்டும் இருந்தார்கள். அந்தப் பேச்சுதான் முக்கியம்.

இப்போது அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கொட்டகையில் வளர்ந்து, பிறகு தானும் பிள்ளை வளர்த்த பெண்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். என் படிவம் மூன்று மாணவர்களிடம், வீட்டிலுள்ள மூத்தவரிடம் பருப்புக் கடையும் விளையாட்டைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் "தெரியலயாம் சார்" என்று வந்தார்கள். மீதிப் பேர் கொண்டு வந்தவற்றில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில வீட்டில் பங்கு உறவினருக்கு, சில வீட்டில் காக்காவுக்கும் பூனைக்கும் நாய்க்கும். ஒரு மாணவியின் தாளில் சுண்டுவிரல் பங்கு 'ஆயாவுக்கு' என்றிருந்தது. யார் அந்த ஆயா என்று கேட்டுவரச் சொன்னேன். கொட்டகை ஆயாவாம். பெயர் பாட்டிக்கும் தெரியவில்லை, எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

இதை உங்கள் பள்ளியில் செய்வதாக இருந்தால் இரண்டு யோசனை. பாட்டை மட்டும் எழுதி வாங்காதீர்கள், பாட்டியின் கையைக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லுக்கு எந்த விரல் மடங்குகிறது என்பது எழுத்தில் வராது. குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, தமிழ்நாட்டில் எந்த மாவட்டம் என்பதையும் தாளின் மேலேயே குறித்து வாங்குங்கள். ஜெராயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரல்களின் வரிசை எப்படி மாறுகிறது என்று அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.